ரோம்ல நல்ல ஜெலாட்டோ கண்டுபுடிக்கறது எப்படி? பிராத்தி ஏரியாவ வெச்சு சொல்றேன்

வாட்டிகன் மியூசியத்த சுத்திட்டு வெளிய வரும்போது கால் ரெண்டும் கெஞ்சும், ஜூன் ஜூலைன்னா வெயில் மண்டைய பொளக்கும், அந்த நேரத்துல மொதல்ல கண்ணுல படற கடையில நின்னு கலர் கலரா குவிச்சு வெச்சிருக்கற ஜெலாட்டோல, அதாவது இத்தாலி முறை ஐஸ்கிரீம்ல, ஒண்ண வாங்கி சாப்ட்டுட்டு "இதுக்கா இவ்ளோ பேசறாங்க"ன்னு கெளம்பிடறவங்க நெறைய பேர். வாட்டிகன் மதிலுக்கு அந்தப் பக்கம் பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா பிராத்தின்னு ஒரு ஏரியா இருக்கு, ரோம்ல ஜெலாட்டோ சாப்பிடறதுக்கு நான் யாருக்கும் மொதல்ல சொல்றது அது தான்.

ஏன் பிராத்தின்னா, அது டூரிஸ்ட்டுக்காக இருக்கற ஏரியா இல்ல. 1870ல ரோம் இத்தாலியோட சேந்து, 1871ல தலைநகரம் ஆனதுக்கு அப்புறம் அரசாங்க ஆளுங்களுக்கும் நடுத்தர குடும்பங்களுக்கும்னு நேர் நேரா தெரு போட்டு கட்டுன இடம். இன்னிக்கும் ஒரு பக்கம் பெரிய கோர்ட் கட்டடம், அத சுத்தி வக்கீல் ஆபீஸ், இன்னொரு பக்கம் ராய்ங்கற இத்தாலி அரசு டிவி, நடுவுல வீடு, ஸ்கூல், பாட்டிங்க பேரப்பிள்ளைங்கன்னு நெஜமான ஊர். சாயந்திரம் ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைய கூட்டிட்டு அம்மா நிக்கறதும், கேஸ் முடிச்சிட்டு வக்கீல் நிக்கறதும் ஒரே கடை வாசல்ல தான். இவங்க நாளைக்கும் வருவாங்க, நாளன்னைக்கும் வருவாங்க, ருசி கொறஞ்சா மூஞ்சி முன்னாடியே கேப்பாங்க. திரும்பி வர்ற ஆளுங்கள நம்பி நடக்கற கடைய தேடணும், ரோம்ல மட்டும் இல்ல, இத்தாலில எந்த ஊர்லயும் இது தான் மொத கணக்கு.

இப்ப நெட்ல தேடுனா எல்லாரும் சொல்றது கலர பாரு, குவியல பாருன்னு. அது சரி தான், அதுக்கும் வரேன். ஆனா அதவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, அத யாரும் பெருசா சொல்றதில்ல: ஜெலாட்டோ கடைக்கு போறதுக்கு முன்னாடி காய்கறி மார்க்கெட்டுக்கு போங்க.

பிராத்திய ஒட்டி அந்த்ரேயா தோரியா தெருவுல மெர்காத்தோ திரியோன்ஃபாலேன்னு ஒரு பெரிய மார்க்கெட் இருக்கு, மியூசியம் வாசல்ல இருந்து நடக்கற தூரம் தான், ரோம்லயே பெரிய மார்க்கெட்டுங்கள்ல ஒண்ணு, 200க்கு மேல கடை. காலைல தான் களை கட்டும், மத்தியானத்துக்கு அப்புறம் பல கடைய மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழம லீவு. உள்ள போயி ஒண்ணும் வாங்கலன்னாலும் பரவால்ல, எந்தப் பழம் மலிஞ்சு கெடக்கு, எத கூடை கூடையா கொட்டி வெச்சிருக்காங்கன்னு மட்டும் ஒரு ரவுண்டு பாத்துட்டு வாங்க. அப்புறம் ஜெலாட்டோ கடைக்கு போயி சுவை போர்ட பாருங்க. மார்க்கெட்ல பாத்த பழம் போர்டுல இருக்கா? மார்க்கெட்ல இல்லாத பழம் போர்டுல இருக்கா? இந்த ரெண்டு கேள்விக்கு பதில் தெரிஞ்சா கடைய பத்தி பாதி தெரிஞ்ச மாதிரி.

மாசக் கணக்கு சுமாரா இப்படி. ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரைக்கும் ஸ்ட்ராபெர்ரி, ரோமுக்கு தெக்க தெர்ராச்சீனா பக்கம் ஃபவெத்தான்னு ஒரு சின்ன சைஸ் ஸ்ட்ராபெர்ரி வரும், வாசனையே தனி. நேமின்னு ஏரிக்கரை மேல ஒரு ஊரு, அங்க குட்டி குட்டியா காட்டு ஸ்ட்ராபெர்ரி, அதுக்கு ஜூன் மாசம் ஒரு திருவிழாவே நடக்கும். ஜூன் ஜூலைல ஆப்ரிகாட், செர்ரி. ஜூலை ஆகஸ்ட்ல பீச் பழமும் முலாம்பழமும். ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல அத்திப்பழம், அத ரிக்கோத்தா சீஸோட சேத்து போட்டிருந்தா வேற எதையும் யோசிக்காம வாங்கிடுங்க, ஏன்னா ரோம சுத்தி செம்மறி ஆட்டுப் பால்ல எடுக்கற ரிக்கோத்தா அவங்க ஊர் சொத்து, ரெண்டும் ஒண்ணா கெடைக்கற நாள் வருஷத்துல கொஞ்சம் தான். அக்டோபர் நவம்பர்ல காக்கி பழமும் (பெர்சிமன்) செஸ்ட்நட்டும். குளிர்காலத்துல சிசிலி ஆரஞ்சு, மாண்டரின், பிப்ரவரி மார்ச்ல பலெர்மோ பக்கத்துல இருந்து சாக்குல்லி மாண்டரின்னு லேட்டா காய்க்கற ரகம் ஒண்ணு வரும், அது போர்டுல இருந்தா அந்தக் கடைக்காரர் பழத்துமேல உசுரா இருக்கார்னு அர்த்தம்.

ஜனவரி குளிர்ல போயி நிக்கும்போது ஸ்ட்ராபெர்ரி, பீச், முலாம்பழம், அத்தி எல்லாமே போர்டுல வரிசையா இருந்தா அது பாக்கெட்ல இருந்தோ டின்ல இருந்தோ வர்றதுக்கு தான் வாய்ப்பு ஜாஸ்தி. டிசம்பர்ல ஒருத்தர் புதுசா பறிச்ச பங்கனப்பள்ளின்னு வித்தா நாம எப்படி பாப்போம், அந்த மாதிரி பாருங்க. நல்ல கடைல சுவை எண்ணிக்கை கம்மியா தான் இருக்கும், சில பேரு சாக்பீஸ்ல எழுதி இருப்பாங்க, தீந்து போனத அழிச்சிருப்பாங்க. அழிச்ச எடம் எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுக்கற விஷயம். அம்பது அறுபது சுவை வருஷம் பூரா மாறாம ஜொலிக்கற கடையில அவ்ளோவையும் தெனம் புதுசா கடையறது சின்ன கிச்சன்ல நடக்கற காரியம் இல்ல.

இப்ப கலருக்கு வரேன். எலுமிச்சை சுவை வெள்ளையா இருக்கணும், ஏன்னா மஞ்சளா இருக்கறது தோல் தான், சாறு இல்ல. வாழைப்பழம் லேசா சாம்பல் கலந்த வெள்ளை, கெட்டியான மஞ்சள் இருந்தா நகருங்க. புதினா வெள்ளையாவோ மங்கின பச்சையாவோ இருக்கலாம், டூத்பேஸ்ட் பச்சையா இருக்கக் கூடாது. புஃபோன்னு ஒரு வான நீலக் கலர் சுவை இருக்கும், ஸ்மர்ஃப் கார்ட்டூன் பேர்ல கொழந்தைங்களுக்காக வெச்சிருப்பாங்க, அது ஒண்ணு இருக்கறதுனால கடையே மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அது ஷோகேஸ் நடுவுல ராஜா மாதிரி உக்காந்திருந்தா நான் அடுத்த கடைக்கு போயிடுவேன்.

பிஸ்தாவ பத்தி தனியா சொல்லணும். இத்தாலியன்ல பிஸ்தாக்கியோ. நெஜ பிஸ்தா அரைச்சா வர்ற கலர் பழுப்பு கலந்த பாசிப் பச்சை, பாக்க சுமாரா தான் இருக்கும். கிளிப்பச்சைல மின்னுச்சுன்னா கலர் போட்டிருக்காங்க, பல சமயம் பிஸ்தாவுக்கு பதிலா பாதாமும் எசென்ஸும் கலந்திருப்பாங்க. காரணம் காசு தான். சிசிலில எத்னா எரிமலை சரிவுல இருக்கற ப்ரோந்தே ஊர் பிஸ்தாவுக்கு ஐரோப்பாவோட டிஓபி முத்திரை, அதாவது அந்த ஊர்ல வெளஞ்சது தான் அந்தப் பேர்ல விக்கலாம்ங்கற பாதுகாப்பு, இருக்கு, அந்த மரங்கள்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, ஒத்தப்படை வருஷத்துல தான் அறுவடை, அதனால விலை தாறுமாறா இருக்கும். கடைல ஒரு கோனுக்கு எல்லா சுவைக்கும் ஒரே விலை, அப்போ பிஸ்தால லாபம் கம்மி, அங்க தான் ஏமாத்தத் தோணும். அதனாலயே நேர்மையான கடையா இல்லையான்னு பாக்க பிஸ்தா ஒரு நல்ல பரீட்சை. நொச்சோலா, அதாவது ஹேசல்நட், அதுவும் அப்படித் தான், வட இத்தாலி பியமோந்தே ஹேசல்நட்டுக்கு பேரு ஜாஸ்தி, ஆனா ரோமுக்கு வடக்க வித்தெர்போ பக்கத்து நொச்சோலா ரோமானாவும் டிஓபி வாங்குனது தான், ரோம்ல இருக்கும்போது அத கேட்டு வாங்குங்க. எனக்கு தனிப்பட்ட முறைல பிஸ்தாவ விட நொச்சோலா தான் மேல.

அப்புறம் குவியல். ஷோகேஸ்ல கண்ணாடிக்கு மேல மலை மாதிரி எழுப்பி, மேல பழத்த சொருகி, சாக்லேட்ட ஊத்தி வெச்சிருப்பாங்க இல்ல, அது அவ்ளோ உயரத்துல உருகாம நிக்கணும்னா காத்து நெறைய ஏத்தணும், தாவரக் கொழுப்பு, ஸ்டெபிலைசர் நெறைய போடணும். நல்ல ஜெலாட்டோல கலவையோட அளவுல சுமாரா 20ல இருந்து 35 சதவீதம் தான் காத்து சேப்பாங்க, ஃபேக்டரி ஐஸ்கிரீம்ல 100 சதவீதம் வரைக்கும் போகும், அதாவது கலவை எவ்ளோவோ அவ்ளோ காத்து, பாதி டப்பா காத்து தான். க்ரீம் கம்மி பால் ஜாஸ்திங்கறதுனால கொழுப்பும் கம்மி. ஜெலாட்டோவ மைனஸ் 12, 14 டிகிரில வெச்சு குடுப்பாங்க, ஐஸ்கிரீம் மைனஸ் 18 பக்கம். அந்தக் கொஞ்சம் கொறஞ்ச குளிர்னால தான் நாக்கு மரத்துப் போகாம ருசி சட்டுன்னு தெரியுது. மூடி போட்ட வட்டமான ஸ்டீல் டப்பாக்கள் கவுண்டருக்குள்ள எறக்கி வெச்சிருந்தா, அதுக்கு பொட்செத்தின்னு பேரு, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா காத்தும் வெளிச்சமும் படாம, குளிர் ஏறி எறங்காம ஒரே அளவா இருக்கும். மூடி வெச்சு விக்கற கடைக்காரர் பார்வையால விக்கல, ருசியால விக்கறார். ஆனா ஒண்ணு, பொட்செத்தி வாங்கி வெச்சு அதுக்குள்ள பாக்கெட் மிக்ஸ் போடற கடையும் இருக்கு, அதனால இது மட்டும் போதாது.

போர்டுல ஆர்த்திஜனாலேன்னு பெருசா எழுதி இருக்கறத நம்பி உள்ள போகாதீங்க. கைத்தொழில் முறைல செஞ்சதுன்னு சொல்ற வார்த்த அது, ஆனா ரெடிமேட் பவுடர வாங்கி பால்ல கலக்கி மெஷின்ல சுத்தறவங்களும் அதையே தான் எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கு பதிலா கடைக்கு பின்னாடியோ பக்கத்துலயோ லபோராத்தோரியோ, அதாவது செய்யற எடம், தெரியுதான்னு பாருங்க. பழக் கூடை, பால் கேன், கொட்டை மூட்டை தெரிஞ்சா சந்தோஷம். பல கடைல செய்யற எடத்துக்கு கண்ணாடி வெச்சிருப்பாங்க.

இன்னும் உறுதியா தெரியணும்னா சேர்மானப் பட்டியல கேளுங்க. அலர்ஜி தகவல் குடுக்கணும்னு ஐரோப்பா முழுக்க சட்டம் இருக்கறதுனால சுவர்லயோ ஒரு ஃபைல்லயோ வெச்சிருப்பாங்க, கேக்க கூச்சப்பட வேண்டாம். அதுல பால், சர்க்கரை, க்ரீம், பழம், கொட்டைன்னு சின்னதா முடிஞ்சா நல்லது. தேங்காய் எண்ணெய், தாவரக் கொழுப்பு, அரோமி (எசென்ஸ்), கொலொராந்தி (கலர் சாயம்), இதெல்லாம் வரிசையா வந்தா யோசிங்க. E102 மஞ்சள் சாயம், E133 நீலச் சாயம், E141 பச்சை, பிஸ்தால வர்றது பல நேரம் இது தான். ஆனா E நம்பர பாத்தவுடனே ஓடவும் வேண்டாம். E410ன்னா கரோப் மரத்து விதை மாவு. E412ன்னா குவார், அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம கொத்தவரங்கா விதைல இருந்து எடுக்கற மாவு, ஒலகத்துக்கே பெரும்பகுதி நம்ம நாட்டு ராஜஸ்தான் பக்கத்துல இருந்து தான் போகுது. ரெண்டும் தண்ணிய புடிச்சு வெச்சு ஐஸ் கட்டி கட்டியா ஆகாம பாத்துக்கும், ரொம்ப நல்ல கடையும் துளியூண்டு போடுவாங்க.

உள்ள போயாச்சுன்னா மொதல்ல கேக்க வேண்டிய வாக்கியம் "கோசா ச்சே தி ஸ்தஜோனே?" இந்த சீசன்ல என்ன இருக்குன்னு அர்த்தம். நல்ல கடைல இந்தக் கேள்விக்கு மொகம் மலர்ந்துடும், இது நேத்து வந்த பழம், இது இந்த ஊரு பழம்னு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. ருசி பாக்க "போஸ்ஸோ அஸ்ஸஜ்ஜாரே?", ஒண்ணு ரெண்டு தான் கேக்கலாம், பின்னாடி வரிசை நிக்கும்போது ஏழு எட்டு ஸ்பூன் கேக்கறது நியாயம் இல்ல. அந்த ஒண்ணு ரெண்டுல ஒண்ணு ஃபியோர் தி லாத்தேவா இருக்கட்டும். அது வெறும் பால், க்ரீம், சர்க்கரை, முட்டை கூட இல்ல, வெனிலாவும் இல்ல, அதனால மறைக்க எடமே இல்ல. பால் வாசனை வருதா, இல்ல வெறும் இனிப்பு தானா, ஒரு ஸ்பூன்லயே தெரிஞ்சிடும். அது நல்லா இருந்தா அதே அடிப்படைல வர்ற மத்த பால் சுவைங்களும் நல்லா இருக்கும்.

வாயில போட்டதும் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. ஐஸ் துகள் நறநறன்னா பழசு, இல்லன்னா ஒரு தடவ உருகி திரும்ப ஒறஞ்சது. மணல் மாதிரி நெருடுச்சுன்னா பால் பவுடர் ஜாஸ்தி, அதுல இருக்கற லாக்டோஸ் படிகமா மாறினது. மேலண்ணத்துல எண்ணெய் படலம் ஒட்டுச்சுன்னா தாவரக் கொழுப்பு. சாப்ட்டு முடிச்சு பத்து நிமிஷத்துல தொண்டை வறண்டு தண்ணி தண்ணின்னு தேடுச்சுன்னா சர்க்கரை தூக்கலா இருக்கு. நல்லது சாப்ட்டா வாய் சுத்தமா இருக்கும், பழத்தோட வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும்.

கடை பேரு சொல்லாம விட்டா திட்டுவீங்க. கோலா தி ரியென்ட்சோ தான் ஏரியாவோட பெரிய ஷாப்பிங் தெரு, அதுக்கு இணையா போற கிராக்கி தெருவுல ஜெலாட்டேரியா தெய் கிராக்கி, லெபாந்தோ மெட்ரோல எறங்கி நடந்துடலாம், பிஸ்தாக்கியோவுக்கு பேர் போன கடை, அங்க அந்தப் பழுப்புப் பச்சை கலர ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா வேற எந்தக் கடைலயும் யாரும் உங்கள ஏமாத்த முடியாது. இன்னும் வடக்க, மாட்சீனி அவென்யூ பக்கமா நடந்தா வோதிச்சே தெருவுல அல் செத்திமோ ஜெலோ, ரோஸ் வாட்டர் குங்குமப்பூ பிஸ்தா போட்டு ஈரான் முறைல ஒண்ணு பண்றதுக்கு தெரிஞ்ச கடை, நம்ம நாக்குக்கு ஒடனே பிடிச்சிடும். வாட்டிகன் மதிலுக்கு எதிர்லயே ஓல்ட் பிரிட்ஜ்னு ஒரு சின்ன கடை இருக்கு, வரிசை எப்பவும் நீளமா இருக்கும், குடுக்கற அளவும் தாராளம், நடக்கவே முடியலன்னா அங்க நிக்கலாம், ஆனா எனக்கு நேரம் இருந்தா கிராக்கிக்கு தான் நடப்பேன். பிராத்திய தாண்டி வேற ஏரியாவுக்கு போறீங்கன்னா ஃபாத்தாமோர்கானா, மரியா ஆன்யேசே ஸ்பன்யுவோலோங்கற அம்மா ஆரம்பிச்சது, துளசி இனத்து பேசில் இலையோட வால்நட்டும் தேனும் சேத்து ஒண்ணு பண்றாங்க, கோன்ல கூட கோதுமை கெடையாது. அப்டேட்டா பாக்கணும்னா காம்பெரோ ரோஸ்ஸோங்கற இத்தாலி சாப்பாட்டு பத்திரிகை வருஷா வருஷம் ஜெலாட்டோ கைடு போடறாங்க, அதுல ஒசந்த மதிப்பான மூணு கோன் வாங்குன கடைய நம்பலாம்.

வரிசைய மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, யாரு நிக்கறாங்கன்னு பாருங்க. எல்லார் கையிலயும் மேப்பும் செல்ஃபி ஸ்டிக்குமா, இல்ல ஸ்கூல் பையும் நாய்க்குட்டியுமா?

விலைப் பட்டியல் கண்ணுல படற மாதிரி இருக்கணும், இல்லன்னா வாங்காதீங்க. 2013ல ரோம்ல ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ்ங்கற பேர் போன படிக்கட்டு பக்கத்துல நாலு இங்கிலாந்து டூரிஸ்ட்டுங்க நாலு ஜெலாட்டோவுக்கு 64 யூரோ குடுத்து அது பெரிய நியூஸ் ஆச்சு. சாதாரணமா சின்ன சைஸ் மூணு யூரோ பக்கம் தான், ரோம்ல சின்னதுலயே ரெண்டு சுவை கெடைக்கும், சில கடைல மூணு. பல கடைல மொதல்ல காஸால, அதாவது கேஷ் கவுண்டர்ல, காசு கட்டி ஸ்கொன்த்ரீனோ, அதான் பில், வாங்கிட்டு கவுண்டருக்கு போகணும், கோனோவா கோப்பெத்தாவான்னு கேப்பாங்க, கோன் இல்ல கப். உருண்டையா ஸ்கூப்ல எடுக்க மாட்டாங்க, தட்டையான கரண்டியால நல்லா பெசஞ்சு அப்பி வெப்பாங்க, அந்தப் பெசயல் தான் ஜெலாட்டோவ இளக்கும். கடைசில "பான்னா?"ன்னு ஒரு கேள்வி வரும், மேல அடிச்ச க்ரீம் வெக்கட்டுமான்னு, ரோம்ல நெறைய எடத்துல அதுக்கு காசு இல்ல. சாக்லேட், காபி, நொச்சோலா மேல வாங்கிக்கோங்க, எலுமிச்சை மேல வேண்டாம்.

சைவக்காரங்களுக்கு ஒரு வார்த்த. முட்டை சாப்பிடாதவங்க க்ரெமான்னு எழுதி இருக்கறத தவிர்த்துடுங்க, அது முட்டை மஞ்சக் கரு, ட்சபாயோனேவும் அப்படித் தான், அதுல மார்சாலா ஒயினும் உண்டு. மலாகால ரம்ல ஊறுன திராட்சை. ட்சுப்பா இங்க்லேசேல அல்கெர்மெஸ்னு செகப்பு மது, பழைய முறைல அந்தச் செகப்பே ஒரு பூச்சில இருந்து வர்றது. ஃபியோர் தி லாத்தேவும், அதுல சாக்லேட் சீவல் கலந்த ஸ்த்ராச்சாதெல்லாவும் பொதுவா முட்டை இல்லாதது தான், ஆனாலும் "சென்சா உவோவா?"ன்னு கேட்டுக்கோங்க. பழ சோர்பெத்தோல பெரும்பாலும் பால் கூட இருக்காது.

நேரம்னு பாத்தா மார்க்கெட்ட காலைல முடிச்சிட்டு பதினொன்னரைக்கு மேல போங்க, அன்னிக்கு கடைஞ்சது வந்திருக்கும், கூட்டமும் இருக்காது. இல்லன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், கோடைல ரொம்ப லேட் வரைக்கும் தெறந்திருப்பாங்க, ஊர்க்காரங்க குடும்பத்தோட வர்ற நேரம் அது. ஆகஸ்ட் 15 ஒட்டி ஊரே லீவ்ல போகும், ஜனவரிலயும் சின்ன கடைங்க சில வாரம் மூடிடுவாங்க, அந்த மாசங்கள்ல கெளம்பறதுக்கு முன்னாடி தெறந்திருக்கான்னு போன்ல பாத்துட்டு போங்க.

நாலு பேரா போனா கோன் கோனா வாங்கறத விட வாஸ்கெத்தா கேளுங்க, தெர்மாகோல் டப்பால கிலோ கணக்குல எடை போட்டு குடுப்பாங்க, அரை கிலோல நாலஞ்சு சுவை வெக்க சொல்லலாம். ஓட்டல் ரூம் மினி ஃப்ரிட்ஜ நம்பி வாங்காதீங்க, அதுல அந்தக் குளிர் வராது. வாங்குன அர மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கற அளவுக்கு வாங்குங்க, கரண்டி எத்தன வேணும்னு அவங்களே கேப்பாங்க.